பன்றிக் கொட்டகைக்கு ஒரு ஓட்டு

சித்தப்பா ஊரிலிருந்து வந்து லீட்ஸில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினார். தஞ்சாவூர்ப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டை, ஏரி, மாதாகோயில் என்று எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவருக்கு முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "இது யார் பேர்ல இருக்கு?"

அப்படிப்பட்டவரை ஆப்பிள்பிக்குக் கூட்டிப்போனது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. லீட்ஸில் ரயில் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் ரிபிள்ஹெட் பாலம், 24 வளைவு. அதைத் தாண்டினால் மழையும் ஆடும்தான். ஜூன் மாதத்தில் அங்கே ஒரு குதிரைச் சந்தை நடக்கும். ஜிப்சிகளும் நாடோடிகளும் ஊரை நிறைத்துவிடுவார்கள், ஈடன் ஆற்றில் குதிரைகளை இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். நாங்கள் போனது அக்டோபரில். ஊரில் ஈ காக்கை இல்லை.

ஆற்றங்கரையில் மாதாகோயில். அங்கிருந்து மேட்டில் ஏறுகிற அகலமான தெரு ஒன்று, பரோகேட் என்று பெயர். தெரு முடிகிற இடத்தில் கோட்டை வாசல். கீழ்முனையில் ஒரு தூண், மேல்முனையில் ஒரு தூண். மேல்தூணில் பொறித்திருப்பதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்: "விசுவாசத்தைக் காத்துக்கொள், உரிமையைப் பேணிக்கொள்."

"யாருக்கு விசுவாசம்?" என்றார்.

அந்த ஊரின் தேர்தல் கதை முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தூணடியில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன்.

வெஸ்ட்மோர்லாந்து என்பது வடமேற்கு இங்கிலாந்தில் இருந்த சின்ன மாவட்டம். இப்போது கம்ப்ரியாவோடு கலந்துவிட்டது. அதற்குத் தலைநகர் ஆப்பிள்பி. பெயர்தான் தலைநகர், பார்த்தால் பெரிய கிராமம். ஆனால் இடைக்காலத்திலிருந்தே இந்த ஊர் நாடாளுமன்றத்துக்கு ரெண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. புதிதாகப் பெருத்த மான்செஸ்டருக்கு 1832 வரை ஒருவர்கூடக் கிடையாது, ஆப்பிள்பிக்கு ரெண்டு.

ஓட்டு யாருக்கு என்றால், பர்கேஜ் மனை வைத்திருப்பவருக்கு. ஊர் உண்டான காலத்தில் அளந்து விட்ட பழைய மனைகள் இவை. எத்தனை மனையோ அத்தனை ஓட்டு. மனையில் நேற்றுவரை நின்ற வீடு இடிந்து விழுந்தாலும் ஓட்டுரிமை போகாது, அது மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து நிலத்தில் ஒருவர் மாளிகை கட்டியிருப்பார், அது பழைய மனை இல்லையென்றால் அவருக்கு ஓட்டு இல்லை. பழைய மனையில் பன்றிக் கொட்டகை மட்டும் இருந்தால் அந்தக் கொட்டகைக்கு ஓட்டு உண்டு. ஆப்பிள்பியில் நிஜமாகவே பன்றிக் கொட்டகைகளை விலை கொடுத்து வாங்கினார்கள்.

இதில் ஒரு சிக்கல். ஐம்பது மனை வாங்கினாலும் ஒரு ஆள் ஒரு ஓட்டுத்தான் போடலாம். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இந்த மாதிரி ஊர்களில் தேர்தல் நெருங்கியதும் பிரபுவின் வக்கீல் உட்கார்ந்து பத்திரம் எழுதுவார். வேலைக்காரன், குத்தகைக்காரன், குமாஸ்தா, தூரத்துச் சொந்தம் என்று நம்பகமான ஆட்கள் பெயரில் ஆளுக்கொரு மனை. அவன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் ஓட்டுப் போடுவான். வெளியே வந்ததும் வக்கீலின் ஆள் அதை வாங்கிக்கொள்வான். வெடுக்கென்று பிடுங்குவதால் அந்தப் பத்திரத்துக்கே பிடுங்கல் தாள் என்று பெயர் விழுந்தது.

சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. "பினாமி! ஒருநாள் பினாமி!" என்றார். ஒரு நிமிஷம் யோசித்து, "பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலைன்னா?" என்று கேட்டார். ரகசிய வாக்குச்சீட்டு 1872இல்தான் வந்தது, அதற்கு முன் எல்லார் எதிரிலும் வாயைத் திறந்து பெயர் சொல்லித்தான் ஓட்டு, ஏமாற்றினால் மறுநாள் குத்தகை போகும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். திருப்தி.

சரி, யார் வாங்கினார்கள்? ரெண்டு குடும்பம். ஒன்று எங்கள் எதிரே நின்ற கோட்டையின் சொந்தக்காரர்கள், டஃப்டன் குடும்பம். தானெட் பிரபு என்பது பட்டம். இன்னொன்று பென்ரித்துக்குப் பக்கத்தில் இருந்த லௌதர் குடும்பம்.

டஃப்டன்களுக்குக் கோட்டை வந்தது ஒரு பாட்டி வழியாக. ஆன் கிளிஃபர்ட் சீமாட்டி. அப்பா 1605இல் இறந்தபோது பெண் வாரிசுக்கு நிலம் இல்லை என்று சித்தப்பனுக்கு எழுதிவைத்துவிட்டார். ("சித்தப்பன் பேர்லயா?" என்று என் சித்தப்பா ஆர்வமானார்.) முதலாம் ஜேம்ஸ் மன்னர் நேரில் கூப்பிட்டுச் சமாதானம் பேசியும் அந்தப் பெண் மசியவில்லை. 1643இல் அந்த வழி ஆண் வாரிசு அற்றுப்போன பிறகு நிலம் கைக்கு வந்தது. அப்புறம் வடக்கே வந்து, இடிந்த கோட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினார். விதவைகளுக்காக அவர் கட்டிய தர்மவிடுதி பரோகேட்டில் இன்றும் இருக்கிறது. வெஸ்ட்மோர்லாந்தின் ஷெரீஃப் பதவியே பரம்பரையாக அந்தக் குடும்பத்தின் சொத்து.

1668இல் ஆப்பிள்பியில் இடைத்தேர்தல். லண்டனில் மந்திரி அலுவலகத்திலிருந்த ஜோசஃப் வில்லியம்சன் என்பவர் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டார். பெரிய இடத்துச் சிபாரிசோடு கடிதங்கள் வந்தன. பாட்டிக்கு அப்போது 78 வயது. பேரன் ஒருவனைத்தான் அனுப்புவேன் என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் பேரன் தாமஸ் டஃப்டன்தான் உறுப்பினர். "அரியணையைப் பறித்தவன் என்னை மிரட்டிப் பார்த்தான், அரசவை என்னை அலட்சியம் செய்தது, ஒரு குடிமகன் எனக்கு உத்தரவு போடுவதா? உங்கள் ஆள் நிற்கக் கூடாது" என்று அவர் பதில் எழுதியதாக ஒரு வசனம் எல்லாப் புத்தகத்திலும் வரும். அவர் இறந்து 77 ஆண்டு கழித்துத்தான் அது அச்சில் வந்தது, ஆராய்ச்சிக்காரர்கள் நம்புவதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை, ஆனாலும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன்.

லௌதர்கள் வேறு ரகம். நிலத்தோடு நிலக்கரியும் உள்ளவர்கள். வைட்ஹேவன் துறைமுகத்துச் சுரங்கக் கரி கப்பல் கப்பலாக டப்ளினுக்குப் போகும், பணம் கப்பல் கப்பலாக வரும். குடும்பத்தின் மூன்று கிளைச் சொத்துகள் சாவு மேல் சாவு விழுந்து ஒரே பையனிடம் வந்து சேர்ந்தன. ஜேம்ஸ் லௌதர், 1736இல் பிறந்தவர். 1756இல் கடைசிக் கிளையும் வந்து சேர்ந்தபோது வயது பத்தொன்பது. இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

1754 பொதுத்தேர்தலில் ஆப்பிள்பியில் ரெண்டு குடும்பமும் நேருக்கு நேர் மோதின. வேடிக்கை என்னவென்றால் அந்த வருஷம் தானெட் பிரபுவுக்கு வயது 21, லௌதருக்கு ஓட்டுப் போடுகிற வயதுகூட இல்லை. ரெண்டு பையன்கள் பெயரில் வக்கீல்களும் காரியஸ்தர்களும் நடத்திய யுத்தம் அது. மனைகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். இடிந்த சுவருக்கும் காலி முற்றத்துக்கும் கேட்ட விலை கிடைத்தது. எவன் பத்திரம் செல்லும், எவன் பத்திரம் செல்லாது என்று வாக்குச்சாவடியிலேயே சண்டை. பிறகு அது மனுவாக நாடாளுமன்றம் போனது. அங்கே இழுத்து, 1756இல் ஒருவழியாக ராசியானார்கள். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. 1832இல் தொகுதியே ஒழியும் வரை அதுதான் ஏற்பாடு.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 1754ஐத்தான் கேவலமான வருஷம் என்பார்கள். லஞ்சம், குடி, பொய்ப் பத்திரம். நான் அப்படி நினைக்கவில்லை. சண்டை இருந்த வரைக்கும் பன்றிக் கொட்டகைக்காரனுக்கு ஒரு மரியாதை இருந்தது. ரெண்டு தரப்பும் அவன் வாசலுக்கு வந்தாக வேண்டும், தொப்பியைக் கழற்றியாக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பாவது இருந்தது. ராசியான அன்றைக்கு அது போனது. அதற்கப்புறம் 76 வருஷம் அந்த ஊரில் தேர்தல் என்பது ரெண்டு பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஊரைக் கெடுத்தது இந்தச் சமாதானம்தான்.

அந்தச் சமாதானம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி பிலிப் ஃபிரான்சிஸ். கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸோடு மோதி, 1780இல் துப்பாக்கிச் சண்டையில் குண்டடி பட்டு ஊர் திரும்பிய அதே ஃபிரான்சிஸ். 1802இல் தானெட் பிரபு அவரைத் தன் பங்கு இடத்துக்கு நிறுத்தினார். ஆப்பிள்பி போய் வந்த அனுபவத்தை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நேற்றுக் காலை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நான் ஒரே ஒரு வாக்காளரால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். வேறு வேட்பாளர் இல்லை, எதிர்ப்பு இல்லை, வாக்கெடுப்புக் கேட்பார் இல்லை, மனு இல்லை. அந்த ஒருவர் தந்த ஏகமனதான ஆதரவுக்கு நன்றி சொல்வது தவிர எனக்கு வேலையே இல்லை. பிறகு கோட்டையில் பெரிய விருந்து, ராத்திரி கால் விரல் உள்ளவர்களுக்கெல்லாம் நடனம். வெள்ளிக்கிழமை காலை கொடி பறக்கக் கிளம்புகிறேன், ஏழு வருஷத்துக்குள் இந்த ஊரை மறுபடி பார்ப்பதில்லை என்ற உன்னதமான தீர்மானத்தோடு.

நாடாளுமன்றத்தின் ஆயுள் அப்போது ஏழு வருஷம். அதுதான் கணக்கு.

சித்தப்பா சிரிக்கவில்லை. "ஊருக்குள்ள அன்னிக்கு அத்தனை பேர் இருந்திருப்பான். ஜன்னல் வழியா அந்த நடனத்தைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பான்" என்றார். எனக்கு அது தோன்றியதே இல்லை. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

தானெட் பக்கத்து இடம் இப்படி. லௌதர் பக்கத்து இடம் இதைவிடப் பெரிய கதை.

ஜேம்ஸ் லௌதரைப் போல எரிச்சலூட்டுகிற, சுவாரசியமான மனிதர் பதினெட்டாம் நூற்றாண்டு அரசியலில் அதிகம் இல்லை. கையில் ஒன்பது உறுப்பினர்கள், 'லௌதரின் ஒன்பது முளைகள்' என்று லண்டனில் கிண்டல். பந்தை உருட்டி விழுத்துகிற மரமுளைகள்தான். காக்கர்மத் ஊரில் 134 மனைகளுக்கு 58,000 பவுண்டு கொட்டினார். அந்தக் காலத்து 58,000! கார்லைல் நகரத்தில் மனை முறை இல்லை, நகர உரிமை பெற்றவர்களுக்குத்தான் ஓட்டு. சரி, நகர உரிமையையே கொடுத்துவிடுவோம் என்று 1780களில் தன் கைக்குள் இருந்த நகரமன்றத்தை வைத்து, ஊருக்குச் சம்பந்தமே இல்லாத சுரங்கத் தொழிலாளிகளும் குத்தகைக்காரர்களுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதை வழங்கினார். ஒரு ராத்திரியில் முளைத்தவர்கள் என்பதால் ஊர்க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் காளான்கள். அந்தக் காளான் ஓட்டுகளை நாடாளுமன்றம் செல்லாது என்றது. மனிதர் அசரவில்லை, மறுபடி காளான்களையே நம்பினார்.

எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல், நாடாளுமன்றத்தில் ஓர் இடம் கிடைக்காதா என்று இவர் பின்னாலேயே அலைந்தார். கிடைத்தது 1788இல் கார்லைலின் ரெக்கார்டர், அதாவது நகர நீதிபதி, பதவி மட்டும். ரெண்டு வருஷம் அவமானப்பட்டு, ஒருநாள் வண்டியில் போகும்போது வாய்ச்சண்டை முற்றிக் கிட்டத்தட்ட துப்பாக்கி வரைக்கும் போய், பதவியைத் தூக்கி எறிந்தார்.

இப்படிப்பட்ட லௌதரிடம் 1780இல் ஒரு சிபாரிசு வந்தது. ரட்லண்ட் பிரபு தன் நண்பன் ஒருவனுக்கு இடம் கேட்டார். அந்தப் பையன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியில் நின்று கடைசியாக வந்திருந்தான். வயது 21. பெயர் வில்லியம் பிட். லௌதர் ஆப்பிள்பியைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: நம் ரெண்டு பேர் கருத்தும் எதிரெதிராகப் போனால் நான் வேறு ஆள் போட்டுக்கொள்ள வழிவிட வேண்டும். பிட் தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார்: தேர்தல் முடிந்த தகவல் இன்னும் வரவில்லை, இந்த வாரக் கடைசியில்தான் நடக்கும்போல, ஏனென்றால் லௌதர் வடக்கே போவதற்கு முன் ஹேசல்மியரில் ஒரு தேர்தலை முடித்துவிட்டு ஆப்பிள்பிக்குப் போக வேண்டும். வேட்பாளர் லண்டனில் இருக்கிறார், தேர்தல் வடக்கே நடக்கிறது. தேதி முடிவாவது முதலாளியின் பயணத் திட்டத்தைப் பொறுத்து.

மூன்று வருஷத்தில், 1783 டிசம்பரில், 24 வயதில் பிட் பிரதமர். அன்றைய விதிப்படி அரசுப் பதவி ஏற்றால் இடத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி தேர்வாக வேண்டும். 'பிட் கருவூலத் தலைமைப் பதவியை ஏற்றுக்கொண்டதால் ஆப்பிள்பிக்குப் புதுத் தேர்தல்' என்று அவர் நண்பர் அவையில் எழுந்து சொன்னதும் எதிர்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தது அவர் வயதைப் பார்த்து. அவர் எந்த ஊருக்கு உறுப்பினர் என்பதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, சிரித்தவர்களில் பலரும் அதே மாதிரி ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான். 1784 தேர்தலில் கேம்பிரிட்ஜ் கிடைத்ததும் பிட் ஆப்பிள்பியை விட்டுவிட்டார். லௌதருக்கு லான்ஸ்டேல் பிரபு என்ற பட்டம் வந்தது. அதிலும் பட்டியலில் தன் பெயர் கடைசியில் இருக்கிறது என்று அவர் கோபித்துக்கொண்டு பட்டமே வேண்டாம் என்று முறுக்கினார்.

1785இல் பிட் ஒரு மசோதாவுக்கு அனுமதி கேட்டார். இப்படிப்பட்ட 36 ஊர்களின் உரிமையை, சொந்தக்காரர்களுக்குப் பத்து லட்சம் பவுண்டு நஷ்டஈடு கொடுத்து வாங்கிவிடலாம் என்று. 248க்கு 174 என்று தோற்றது. நஷ்டஈடு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சீர்திருத்தக்காரரே அதைச் சொத்தாகத்தான் பார்த்தார்.

பரோகேட்டில் இறங்கி வரும்போது வெள்ளை மாளிகை என்று ஒரு வீடு. 1756இல் கட்டியது. அதே சமாதான வருஷம்! கட்டியவர் ஜான் ராபின்சன். இதே ஊர்க்காரர், லௌதரின் வக்கீல், இந்த ஊரின் மேயர். ஊர்த் தேர்தலில் முடிவை அறிவிக்கிற அதிகாரி மேயர்தான் என்பதால், அந்த நாற்காலியில் யார் உட்கார்கிறார் என்பது பாதி வெற்றி. கொட்டகைகளை எண்ணிப் பழகிய கை, பிற்பாடு தேசத்தையே எண்ணியது. லண்டன் போய், நார்த் பிரபு அரசில் கருவூலச் செயலாளர் ஆனார், லௌதரோடு பிணங்கியும் போனார். எந்த ஊர் யார் கையில், யாரை என்ன கொடுத்து இழுக்கலாம் என்று தொகுதி தொகுதியாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். 1784 தேர்தலுக்கு அவர் போட்ட கணக்கு இன்றும் வரலாற்றுக்காரர்களுக்குப் பாடம். ஒருமுறை ஷெரிடன் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் அவையில் லஞ்சக் குற்றம் சாட்ட, "பெயரைச் சொல், பெயரைச் சொல்" என்று கத்தினார்கள். "ஜேக் ராபின்சன் என்று சொல்கிற நேரத்தில் சொல்லிவிடுவேன்" என்றாராம். கண்மூடித் திறப்பதற்குள் என்பதற்கு அங்கே புழங்குகிற சொலவடை அது.

கம்பெனி விவகாரங்களையும் அந்த ராபின்சன் கவனித்தார் என்றதும் சித்தப்பா காதைத் தீட்டிக்கொண்டார். ஆற்காட்டு நவாப்புக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்டை எங்கள் பக்கத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும். தஞ்சாவூர் விளைச்சலின் மேலேயே பாத்தியதை கேட்ட ஆள். அந்தத் தகராறில்தான் சென்னை கவர்னர் பிகட் 1776இல் கைதாகி, மறு வருஷம் காவலிலேயே செத்தார். பென்ஃபீல்ட் அந்தப் பணத்தோடு ஊருக்குப் போய் வாங்கிய சாமான்களில் ஒன்று நாடாளுமன்ற இடங்கள். தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவர் உண்டாக்கினார் என்று 1785இல் எட்மண்ட் பர்க் அவையிலேயே போட்டு உடைத்தார். பர்க் அப்போது உட்கார்ந்திருந்தது மால்ட்டன் தொகுதியின் உறுப்பினராக. அதுவும் ஒரு பிரபுவின் சட்டைப்பை ஊர்தான்.

"நம்ம நெல்லு" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

மழை வலுத்ததால் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கே வைத்துத்தான் வேர்ட்ஸ்வொர்த் கதையைச் சொன்னேன். கவிஞரின் தாத்தா ரிச்சர்ட், ராபின்சனுக்கு மாமா முறை, அவரிடம்தான் ராபின்சன் சட்டம் படித்தார். கவிஞரின் அப்பா ஜான், காக்கர்மத்தில் லௌதரின் வக்கீல். கவிஞர் 1770இல் பிறந்த வீடே லௌதர் கொடுத்த வீடு. ஓட்டு வேலைகளுக்குக் கைக்காசைப் போட்டுச் செலவு செய்துகொண்டே இருந்த அப்பா 1783இல் செத்துப்போனார். லௌதர் தர வேண்டிய பாக்கி 4,000 பவுண்டுக்கு மேல். அம்மா அதற்கு முன்பே இறந்திருந்தார். அநாதையாக நின்ற ஐந்து பிள்ளைகள் வழக்குப் போட்டும் அந்த மனிதர் 1802இல் சாகும் வரை கொடுக்கவே இல்லை. அடுத்து வந்த வில்லியம் லௌதர்தான் வட்டியோடு கணக்குத் தீர்த்தார், 8,000 பவுண்டுக்கு மேல்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குச் செரிக்காத பகுதி. அதே லௌதர் வீட்டுத் தயவில் 1813இல் வேர்ட்ஸ்வொர்த் வெஸ்ட்மோர்லாந்தின் முத்திரைத்தாள் விநியோகஸ்தர் ஆனார். 1818இல் மாவட்டத் தொகுதியில் 44 வருஷத்தில் முதல்முறையாகப் போட்டி வந்தது. ரெண்டு இடத்துக்கும் லௌதர் வீட்டுப் பையன்கள். எதிர்த்து நின்றவர் சீர்திருத்தம் பேசிய விக் கட்சியின் ஹென்றி புரூம், அவருக்குப் பின்னால் தானெட் பிரபு. வாக்கெடுப்பு ஆப்பிள்பியில். கவிஞர் லௌதர் பக்கம் நின்று, மாவட்ட நிலக்காரர்களுக்கு வேண்டுகோள் எழுதி அச்சடித்தார். நிலம் வாங்கித் துண்டு போட்டு நண்பர்களுக்குக் கொடுத்து ஓட்டு உண்டாக்குகிற வேலையிலும் இறங்கினார். அப்பா செய்த அதே வேலை.

"வட்டியோட குடுத்துட்டான்ல, அந்த நன்றி" என்றார் சித்தப்பா. இருக்கலாம். அவரைப் போல என்னால் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பள்ளியில் அந்த டாஃபோடில் கவிதையை மனப்பாடம் செய்தவன் நான்.

புரூம் 1818இல் தோற்றார், 1820இல் தோற்றார், 1826இலும் தோற்றார். மூன்று முறையும் லௌதர்களிடம். 1830 நவம்பரில் விக் அரசு வந்தபோது அவர் லார்ட் சான்சலர், நீதித்துறைக்குத் தலைமையான மந்திரி. அந்த அரசு கொண்டுவந்த சீர்திருத்த மசோதாவில், ரெண்டு இடத்தையும் இழக்கும் ஊர்கள் என்ற பட்டியலில் ஆப்பிள்பி இருந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. 1821 கணக்கெடுப்பில் 2,000 பேருக்குக் குறைவாக உள்ள ஊர் என்பது அளவுகோல். எங்கள் ஊரின் ரெண்டு மாதாகோயில் வட்டாரங்களையும் முழுசாகச் சேர்த்தால் 2,000 தாண்டும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்தையும் எண்ணுங்கள், வக்கீல் வைத்து வாதாட விடுங்கள் என்று மனுப் போட்டார்கள். 1831 ஜூலை 12 ராத்திரி அவை அதை மறுத்தது. அதன் பிறகு மசோதாவை எதிர்த்தவர்கள், ஒத்திவைப்புக்கு மேல் ஒத்திவைப்புக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்பு நடத்தி, காலை ஏழு மணி தாண்டும் வரை யாரையும் வீட்டுக்குப் போக விடவில்லை. எழுபத்தைந்து வருஷம் ஒருவரும் பொருட்படுத்தாத ஊருக்காக ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். அதுவும் ஊருக்காக இல்லை.

1832இல் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் மாவட்டத் தலைநகரங்களில் ரெண்டு இடத்தையும் பறிகொடுத்தது ஆப்பிள்பி ஒன்றுதான்.

டீ குடித்து முடித்து ரயிலடிக்கு ஏறினோம். ஆற்றைத் தாண்டி மேட்டில் இருக்கிறது. பிளாட்பாரத்தில் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. சித்தப்பா குளிரில் மஃப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏன்டா, சட்டம் வந்த மறுநாள் அந்தக் கொட்டகையெல்லாம் என்ன விலைக்குப் போயிருக்கும்?"

"கொட்டகை விலைக்கு."

"பன்னி இருந்தா?"

"பன்றியோட சேர்த்து."

"அப்படின்னா கடைசியா வாங்கினவன் பாவம்டா" என்றார். அந்த ஆள் யாராக இருக்கும், எவ்வளவு கொடுத்திருப்பான் என்று லீட்ஸ் வந்து சேரும் வரை அவருக்கு அதே கவலை.